பாரின் குளிகை

மகரம் (தை) 14, திங்கள்

காலையில் நல்ல மஞ்சு, மூடுபனி. ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்ததில் துணி பிழிகிற அளவுக்கு ஈரம். உதியன்குளங்கரை தாண்டும்வரை முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

செய்ய வேண்டியது: எட்டு வீடு. எட்டு வீட்டிலும், ஆஸ்பத்திரியிலிருந்து நான் வாங்கிக் கொடுத்திருக்கிற மாத மாத்திரையை வாரக் குளிகைப் பெட்டியில் நிரப்பல். இரண்டு பேருடைய சளி மாதிரி தாலுகா ஆஸ்பத்திரிக்கு. உளுந்து.

செய்தது: சளி. உளுந்து.

மற்றது நடக்கவில்லை. பத்து மணிக்கு ஜயன் சார் திருவனந்தபுரத்திலிருந்து போன். எங்கள் டி.பி. திட்டத்துக்கு அவர்தான் தலைவர். எப்போதும் ஒரு சிரிப்போடுதான் பேச்சை ஆரம்பிப்பார். இன்று சிரிப்பு இல்லை. அமெரிக்காவில் புதிதாக வந்த அதிபர் வெளிநாடுகளுக்குக் கொடுக்கிற உதவியை எல்லாம் நிறுத்தச் சொல்லியாகிவிட்டது. எங்கள் திட்டம் அந்த உதவியில் ஓடுவது.

"இந்த நிமிஷம் தொட்டு ஒரு வேலையும் பாடில்ல கலா. வீட்டுக்குப் போகக்கூடாது, சாம்பிள் எடுக்கக்கூடாது, பேஷண்டுக்குப் போன்கூடப் பண்ணக்கூடாது."

"சார், எனக்க கையில ஐஸ் பெட்டி இருக்கு. உள்ள ரெண்டு பேருக்க கபம். இத என்ன செய்ய?"

"மேல எழுதிக் கேக்கிறேன்."

எழுதிக் கேட்பாராம். பதில் வரும்வரை சளி கெடாமல் இருக்குமா? நேராகக் கொண்டுபோய் லேப் பிரதீப்பிடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். கழுத்தில் கிடந்த திட்ட அட்டையை மட்டும் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். இப்போது வெறும் கலா.

மகரம் 15, செவ்வாய்

வேலைக்குப் போகாத செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்றே மறந்துபோயிருந்தது. அரைத்தேன். துணி துவைத்தேன். மறுபடி துணி துவைத்தேன்.

இவர் (பாறசாலையில் ஜெராக்ஸ் கடை, வாய் மட்டும் டி.வி. விவாதம்) மத்தியானம் சோற்றுக்கு வந்தபோது: "உனக்க முதலாளிக்கு உன்னைப் பிடிக்கல்ல போல."

"எனக்க முதலாளி எட்டு வீட்டுல இருமிக்கிட்டுக் கிடக்கு. அவியளுக்கு என்னைப் பிடிக்கும்."

சாம்பார் நன்றாக இருந்தது என்று இரண்டு தரம் சொன்னார். பாவம், சமாதானமாம்.

ரேடியோவில்: அதே ஆள் உலக சுகாதார நிறுவனத்திலிருந்தும் தன் நாட்டை விலக்கிக்கொள்கிறாராம். எத்தனை நாடு சேர்ந்து எத்தனை வருஷம் கட்டினது! ஒரு கையெழுத்தில். கோபம் வந்து ரேடியோவை அணைத்தேன். அதற்குக் கேட்கவா போகிறது.

மகரம் 17, வியாழன்

காலை பதினொன்று: ஜயன் சாரிடமிருந்து செய்தி. உயிர் காக்கும் வேலை தொடரலாம் என்று அங்கிருந்து கடிதம் வந்துவிட்டதாம்! புடவை மாற்றி, பெட்டி எடுத்து, ஸ்கூட்டரும் ஸ்டார்ட் பண்ணியாகிவிட்டது.

காலை பதினொன்றே முக்கால்: மறுபடி சார். பொறுக்க வேண்டுமாம். அந்தக் கடிதம் மட்டும் போதாது, ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி அனுமதி வேண்டுமாம்.

"டி.பி. உயிர் காக்கிற வேலைதானே சார்?"

"அதைத் தீர்மானிக்கிற ஆபீசரையும் நேற்று வேலையை விட்டு அனுப்பியாச்சு கலா."

வண்டியை அணைத்துவிட்டு அதன் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு ராதம்மா மதில் வழியாகப் பார்த்து, "பெட்ரோல் தீர்ந்துபோச்சா?" என்றாள். ஆமாம் என்றேன்.

மகரம் 21, திங்கள்

மஞ்சு குறைவு. ஒன்பது மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது.

புது உத்தரவு. போர்டிலும் சாமான்களிலும் உள்ள அந்த நாட்டுக் கொடிச் சின்னத்தை எடுத்துவிட வேண்டும். வேலை செய்யக்கூடாது, ஆனால் சுரண்டலாம்! எங்கள் ஆபீஸ் ஜவுளிக்கடைக்கு மேலே ஒற்றை அறை. படிக்கட்டில் நின்று கத்தியால் போர்டைச் சுரண்டினேன். மூன்று வருஷம் முன்பு "ஒரு குமிழ்கூட இருக்கக்கூடாது, போட்டோ எடுத்து அனுப்பணும்" என்று கேட்டுக் கேட்டு ஒட்ட வைத்ததும் இவர்கள்தான். நன்றாக ஒட்டியிருக்கிறேன், போக மாட்டேன் என்கிறது.

கீழே டீக்கடையில் கேட்டது:

"அமெரிக்கா கை விட்டாச்சு கேட்டியா. இனி மருந்தெல்லாம் நிக்கும்."

"நம்மளுக்கென்ன? நம்ம ஆளுவ கெடக்கது துபாயிலல்லா."

"எலே, இண்ணைக்கு அவன், நாளைக்கு துபாய்காரன். எவனுக்கு எப்பம் கிறுக்கு பிடிக்கும்னு ஆருக்குத் தெரியும்?"

இறங்கிப்போய் விளக்கிச் சொல்லியிருக்கலாம், மருந்து நிற்காது, அது நம் அரசாங்கம் தருவது என்று. சொல்லவில்லை. கையில் கத்தி, முகமெல்லாம் பெயின்ட் தூள், மனசில் எரிச்சல். அந்த இரண்டு வார்த்தையை இன்று சொல்லாமல் வந்தது உறுத்துகிறது.

மகரம் 24, வியாழன்

எலனிடமிருந்து வாட்ஸாப். சொந்த நம்பரிலிருந்து.

டாக்டர் எலன் எங்கள் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அமெரிக்காக்காரி. மூன்று வருஷமாக ஒவ்வொரு புதன்கிழமையும் கம்ப்யூட்டர் திரையில் பார்க்கிற முகம். நேரில் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் எல்லையோரத்தில் ஒருத்தருக்கு ரேஷன் கார்டு கேரளத்திலும் ஓட்டு தமிழ்நாட்டிலும் எப்படி இருக்கும் என்று அவளுக்கு விளக்குவதற்கே எனக்கு இரண்டு புதன்கிழமை ஆனது. விளங்கின பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவளுக்கும் வேலை போய்விட்டது. ஒரு வரி மின்னஞ்சலில். எங்களுக்கு எழுதக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அவள் எழுதியது: "இது அலுவலகக் கடிதம் இல்லை. நான் வெறும் எலன். பதில் எழுத முடியாவிட்டால் பரவாயில்லை. 31ஆம் எண் எப்படி இருக்கிறார்? டைல்ஸ் வேலைக்காரர். தூக்கத்திலும் அவர் நினைவு வருகிறது."

கண் நிறைந்துவிட்டது. நோயாளி பெயரை அவளிடம் சொல்லக் கூடாது, அதனால் எண். 31 என்றால் தங்கப்பண்ணன். செங்கல் ஊருக்குப் போகிற வழியில் வீடு. ஐம்பத்தொரு வயது. சிகிச்சை ஆரம்பித்தபோது எலும்பும் தோலும். முதல் இரண்டு மாதம் முடிந்து இப்போது நான்காவது மாதம், முகத்தில் சதை வந்தாயிற்று. இன்னும் இரண்டு மாதம் தினமும் விழுங்கினால் குணம்.

எப்படி இருக்கிறார்?

தெரியவில்லை. பத்து நாளாக நான் போகவில்லை. ஏழு கடல் தாண்டி ஒருத்தி, வேலையும் போய், கேட்கிறாள். நாலு கிலோமீட்டரில் இருக்கிற எனக்குத் தெரியவில்லை. உத்தரவாம் உத்தரவு. வெறும் கலாவுக்கு யார் உத்தரவு போட்டது? நாளை போகிறேன்.

மகரம் 25, வெள்ளி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். தங்கப்பண்ணன் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு. என்னைக் கண்டதும் வாய் நிறையச் சிரிப்பு.

"வா மக்கா! எத்தர நாளாச்சு கண்டு! லீலா, சாயை போடு." டீ போடச் சொல்லி உள்ளே மனைவிக்குக் குரல்.

உட்கார்ந்ததும் பழக்கதோஷம், குளிகைப் பெட்டியை எடுத்துத் திறந்தேன். ஏழு அறை, அவரே நிரப்பியது. திங்கள் காலி. செவ்வாயில் குளிகை இருக்கிறது. புதன் காலி. வியாழனில் குளிகை இருக்கிறது.

"அண்ணே, இது என்ன?"

"அதுவா? நாள் விட்டு நாளாக்கும் முழுங்குதேன்." சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. "டி.வி.யில பறஞ்சான், அமெரிக்கா நெறுத்தியாச்சுண்ணு. நீயும் வரல்ல. செரி, இருக்கப்பட்ட குளிகைய நீட்டிக் கொண்டுபோவோம். காலத்த ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு பறயப்பட்ட ஆளல்லா அந்த அமெரிக்காக்காரன்? எப்பம் வேணும்னாலும் மனசு மாறுவான். அதுவரைக்கும் தள்ளினா போதும்லா?"

சிமென்ட் தீரப்போகிறது என்றால் கலவையில் மணலைக் கூட்டுகிற மாதிரி யோசித்திருக்கிறார். ஆறு நாள் விட்டுப்போயிருக்கிறது. இந்த மருந்தை அரையும் குறையுமாகச் சாப்பிட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும். பழகிவிட்டால் இந்தக் குளிகை எதற்கும் ஆகாது. வேறு மருந்து, கடினமான மருந்து, மறுபடி முதலிலிருந்து. லீலாக்காவுக்கும் பரவலாம்.

"அண்ணே, இது அமெரிக்கா குளிகை இல்ல. நம்ம அரசாங்கத்துக்க குளிகையாக்கும். ஆஸ்பத்திரியில இருக்கு. தீரவும் செய்யாது, நிக்கவும் செய்யாது."

சிரிப்பு அப்படியே இறங்கியது. "பின்னே அண்ணைக்கு எனக்கிட்ட என்ன பறஞ்சே?"

எழுதவே கூசுகிறது. ஆனால் இதில்கூட எழுதாவிட்டால் எங்கே எழுதுவேன்.

துலாம் மாதத்தில், ஐப்பசியில், அவர் குளிகையைத் தொடவே மாட்டேன் என்றார். ஓசிக்குத் தருகிற சர்க்கார் மருந்தில் என்ன சத்து இருக்கும் என்று. மூன்று தரம் போய்ப் பேசினேன். நாலாவது தரம் பெட்டி மூடியில் நான் ஒட்டின கொடி ஸ்டிக்கரைக் காட்டி, "அண்ணே, இது பாரின் குளிகையாக்கும். அமெரிக்காவுல இருந்து வருது. சும்மா இல்ல" என்று சொன்னேன். பெட்டிதான் அமெரிக்காக்காரன் தந்தது. உள்ளே இருப்பது நம்முடையது. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவில். பாரின் சோப், பாரின் தைலம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற ஊர். அந்தச் சொல் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். செய்தது. அன்று வீட்டுக்கு வந்து இவரிடம் பெருமையடித்துக்கொண்டேன் வேறு.

"பொய் பறஞ்சேன் அண்ணே. நீங்க முழுங்கணும்னு."

பெட்டியை என் கையிலிருந்து வாங்கி மூடினார். பிறகு சத்தம் போடாமல் சொன்னார். "அண்ணைக்கு ஒண்ணு, இண்ணைக்கு ஒண்ணு. அப்பம் நீயும் அவனும் ஒரே ஆளுதானே மக்கா?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். சாயை ஆறிக் கிடந்தது. லீலாக்கா வாசல்வரை வந்தாள். "டாக்டர்ட்ட கேளுங்கோண்ணு நானும் பறஞ்சேன் கலா. கலா சொன்னா மதியும்ணு பறஞ்சிட்டாரு."

கலா சொன்னா மதியும், நான் சொன்னால் போதுமாம். இதைக் கேட்டபிறகு வண்டி ஓட்டவே முடியவில்லை. வழியில் ரப்பர் தோட்டத்து ஓரம் நிறுத்தி அழுதுவிட்டுத்தான் வந்தேன்.

மகரம் 26, சனி

காலையில் மறுபடி போனேன். கதவைத் திறந்தது லீலாக்கா. அவர் உள்ளேயிருந்து: "நீ பறஞ்சா இனி நம்ப மாட்டேன். டாக்டர் பறயட்டும்."

"செரி அண்ணே, ஆட்டோ கூப்பிட்டிருக்கேன். வாங்க."

தாலுகா ஆஸ்பத்திரி. சனிக்கிழமைக் கூட்டம். டி.பி. டாக்டர் இளம் பெண். பேர் ரேஷ்மா. மலையாளம்தான் பேசுவாள், தமிழ் நன்றாக விளங்கும். என்ன ஆயிற்று என்றாள். தங்கப்பண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் முழுவதும் சொன்னேன். ஸ்டிக்கர், பாரின் குளிகை, பத்து நாள் போகாதது, ஆறு நாள் விட்டது. எதையும் மழுப்பவில்லை.

நல்ல ஏச்சு. என்னைத்தான், அவரை இல்லை. "நிங்ஙள்தன்னே இங்ஙனெ பறஞ்ஞால் பின்னே ஆரெ விஸ்வசிக்கும்?" நீங்களே இப்படிச் சொன்னால் பிறகு யாரைத்தான் நம்புவது என்று. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தலைகுனிந்து நின்றேன். நாற்பத்துநாலு வயதில்.

பிறகு டாக்டர் அவரிடம் தணிவாக: குளிகை அரசாங்கத்தினுடையது, அது உண்மை. இன்று முதல் ஒரு நாள்கூட விடக்கூடாது. சளி இன்று ஒன்று, திங்கள் காலை ஒன்று பார்க்க வேண்டும். கிருமி இல்லையென்றால் விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்து முடித்துக்கொள்ளலாம். இருந்தால் வேறு பரிசோதனை, மருந்தை மாற்ற வேண்டிவரலாம்.

அங்கேயே, டாக்டர் முன்னால், தண்ணீர் வாங்கி விழுங்கினார். அப்புறம் ரொம்பப் பாடுபட்டு இருமிச் சளியும் கொடுத்தார். பிரதீப் டப்பாவை வாங்கிக்கொண்டு, "சேச்சி, பேடிக்கண்டா" என்றான். பயப்படாதே என்றானே தவிர ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை.

ஆட்டோவில் பாதி தூரம் வந்தாயிற்று. பிறகு அவர்:

"இம்புட்டு ஏச்சு எதுக்கு வாங்கினே? இவரு மறந்துபோனாருண்ணு என் தலையில போட்டிருக்கலாம்லா. நானும் சும்மா இருந்திருப்பேன்."

"அது உள்ளது இல்லயே அண்ணே, பொய்யாக்கும்."

இறங்கும்போது ஆட்டோவுக்குள் குனிந்து, "திங்களாழ்ச்ச காலத்த எத்தர மணிக்கு வருவே?" என்றார்.

மகரம் 27, ஞாயிறு

மற்ற ஏழு வீட்டுக்கும் போனேன். ஸ்டிக்கரில்லாமல், அட்டையில்லாமல். ஏழு வீட்டிலும் ஒழுங்காக விழுங்கியிருக்கிறார்கள். கடவுளே. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, மருந்து யாருடையது, எங்கே கிடைக்கும், நான் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசி வீட்டு மேரி டீச்சர், ஓய்வுபெற்றவர்: "மூணு வருஷத்துல இண்ணைக்குத்தான் நீ ஒழுங்கா கிளாஸ் எடுத்திருக்க."

மத்தியானம் வார்டு மெம்பர் வீடு. சளி கொண்டுபோகிற ஆட்டோவை இனி பஞ்சாயத்தே பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். யோசிப்போம் என்பார் என்று நினைத்தேன். மனிதர் டைரியை எடுத்து அடுத்த கூட்டத்துப் பொருளில் எழுதியே விட்டார். "எங்கயோ இருக்கப்பட்டவன் நெறுத்தினா இங்க உள்ளவன் இருமிச் சாவணுமா?"

எலனுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். என் பொய்யையும். பெட்டியில் கொடி ஒட்டச் சொன்னது அவர்கள் ஆபீஸ்தான் என்று ஒரு வரி எழுதி, பிறகு அழித்தேன். நாக்கு என்னுடையது.

பதில்: "நானும் அந்தக் கொடியைக் காட்டி நிறையப் பேரிடம் நிறைய வாக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் பொய்யாகிவிட்டது. நீங்கள் திரும்பிப் போய்ச் சொன்னீர்கள். நானும் யாரிடமெல்லாம் சொல்ல வேண்டும் என்று பட்டியல் போடுகிறேன்." கீழே: இனி புதன்கிழமைப் பேச்சு அவள் வீட்டுச் சமையலறையிலிருந்து. பழைய ஆட்கள் எல்லாரையும், வேறு நாட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டிருக்கிறாளாம். காசும் இல்லை, கொடியும் இல்லை, வேண்டுமென்றால் வா என்றாள். போகாமல் இருப்பேனா?

மகரம் 28, திங்கள்

ஆறரைக்குத் தங்கப்பண்ணன் வீடு. சளி தயார், டப்பாவை மூடி வாசலில் வைத்துக் காவல் இருக்கிறார். குளிகைப் பெட்டியில் ஞாயிறு காலி, சனி காலி.

பத்து மணிக்கு ஜயன் சார். திட்டம் மூடல். இந்தத் தரம் பொறு, தொடரு ஒன்றும் இல்லை. மூடல். குரல் உடைந்துவிட்டது அவருக்கு. நான்தான் தேற்றினேன்.

ஆபீஸ் சாவியைக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டவை: என் குடை, டம்ளர், ஐஸ் பெட்டி (கேட்டுத்தான் எடுத்தேன்).

டாக்டர் ரேஷ்மா போன்: "சேச்சி நாளெ முதல் இவிடெ வரூ." நாளை முதல் அங்கே வரச் சொல்கிறாள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கத் தெரிந்த ஆள் அவர்களுக்கு வேண்டுமாம். இன்னும் எதுவும் உறுதியில்லை, எழுதிக் கேட்டிருக்கிறாளாம். எழுதிக் கேட்பது என்றாலே எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது. போவேன்.

ரிசல்ட் நாளை. சோறு இறங்கவில்லை. இவர் தட்டைப் பார்த்துவிட்டுக் கேலி எதுவும் பேசவில்லை.

மகரம் 29, செவ்வாய்

பதினொன்று இருபது. பிரதீப் லேபுக்கு வெளியே வந்து தாளை நீட்டினான். இரண்டு மாதிரியிலும் கிருமி இல்லை. நம்பாமல் எண்ணைப் பார்த்தேன், பேரைப் பார்த்தேன், மறுபடி எண். அவனையே கட்டிப்பிடித்திருப்பேன், கையுறை போட்டிருந்தான்.

போனில் சொல்ல மனசில்லை. காரக்கோணம் போகிற வழியில் ஒரு புது வீட்டில் அவருக்கு லேசான வேலை, உட்கார்ந்து டைல்ஸ் இடுக்கு அடைக்கிறது. வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். வாசலில் செருப்பைக் கழற்றவும் மறந்து உள்ளே.

தாளைக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்து வாசித்தார்.

"கிருமி இல்ல அண்ணே. ஆனா முழுசா குணமாச்சுண்ணு நான் பறய மாட்டேன். இன்னும் ரெண்டு மாசம் உண்டு. விட்டுப்போன ஆறு நாளும் அதுக்க கூட."

"ஆறு நாளும்?"

"ஆறு நாளும்."

தலையை ஆட்டினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கண் சிவந்திருந்தது, சிமென்ட் தூசி என்றார். பிறகு உள் அறையைப் பார்த்து ஒரு சத்தம்:

"எலே வில்சா! இஞ்ச வா."

நாற்பது வயது ஆள் ஒருவர், கையில் டைல்ஸ் வெட்டுகிற மிஷினோடு வந்தார். மெலிவு. வந்து நின்றதும் முகத்தைத் திருப்பி ஒரு இருமல்.

"மூணு வாரமாட்டு இவனுக்கு இருமல். கேட்டா தூசியாக்கும்னு பறயான். எனக்க கூடத்தான் உண்ணதும் குடிக்கதும்." என்னைக் காட்டினார். "எலே, இவகிட்ட கேளு. இவ உள்ளதப் பறயும்."